கிரேக்கர் போற்றிய காற்றுத் தெய்வங்கள்

ஏதென்ஸ் நகரத்து மக்கள் ஒரு காலத்தில் வாடைக் காற்றைத் தங்கள் வீட்டு மருமகன் என்று உரிமை கொண்டாடினர். கவிஞர் எவரோ விளையாட்டாகச் சொன்ன வார்த்தையன்று இது. அயலார் படை கடலிலும் தரையிலும் நெருங்கி வந்து, நகரமே அழியக்கூடும் என்ற வேளையில், அந்த மருமகனை நினைந்து பலியிட்டு உதவிக்கு அழைத்தார்கள். அவன் வந்தான் என்றே நம்பினார்கள். வந்ததற்கு நன்றியாக ஆற்றங்கரையில் அவனுக்கு ஒரு கோயிலும் எடுத்தார்கள். நம் இதிகாசங்களிலும் வாயு பகவானின் மைந்தர்களாக அனுமனையும் வீமனையும் அறிவோம். ஆயினும் ஒரு நகரத்துக் குடிமக்கள் அனைவரும் தம்மைக் காற்றின் மாமனார் வீட்டாராகக் கருதி, ஆபத்துக் காலத்தில் அந்த உறவை எடுத்துச் சொல்லி உதவி கேட்டது புதுமையாகவே தோன்றுகிறது.

அந்த மருமகனின் பெயர் போரியாஸ். வட திசையிலிருந்து, திரேஸ் நாட்டு மலைகளைக் கடந்து வீசும் குளிர்காற்று அவன். தெற்கிலிருந்து மழையைக் கொண்டுவருபவன் நோட்டஸ். மேற்கிலிருந்து வருபவன் ஸெபிரஸ். கிழக்குக் காற்றுக்கு யூரஸ் என்று பெயர். வடமொழி மரபில் காற்றுக்குரிய தெய்வம் வாயு ஒருவனே; எண்டிசைக் காவலருள் அவனுக்கு உரியது வடமேற்கு மூலை. கிரேக்கரோ திசைக்கு ஒரு தெய்வமாகக் காற்றுகளைப் பிரித்து வைத்தனர். இவ்வகையில் அவர்கள் வழக்கம் தமிழ் வழக்கிற்கு அருகில் நிற்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கீழ்க்காற்றுக் கொண்டல், மேல்காற்றுக் கோடை என்று திசைக்கொரு பெயர் சூட்டியவர்கள் நாம். ஆனால் பெயர்கள் ஒத்தாலும் குணங்கள் ஒத்துவருவதில்லை. நமக்குத் தென்றல் இனியது. கிரேக்க மாலுமிக்கோ நோட்டஸ் என்றாலே இலையுதிர் காலத்து மழையும் கொந்தளிக்கும் கடலும்தான். மேல்காற்றாகிய கோடை நமக்கு வெப்பம் தருவது. அவர்களுடைய ஸெபிரஸோ பிற்காலக் கவிதைகளில் பூக்களை மலர்விக்கும் இளங்காற்று. டில்லியில் மே மாதத்து லூக் காற்றையும், கல்கத்தாவில் சித்திரை வைகாசி மாலைப் புயலையும் பட்டறிந்த தமிழன்பர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. காற்றின் குணம், நாம் எந்த மண்ணில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இத்தெய்வங்களின் பிறப்பைப் பற்றி முதலில் முறைப்படி எழுதியவர் ஹெஸியட் என்னும் புலவர். கி.மு. 700ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்தவர். போரியாஸ், நோட்டஸ், ஸெபிரஸ் ஆகிய மூவரும் விண்மீன்களுக்குரிய ஆஸ்ட்ரியஸ் என்பவனுக்கும், வைகறை மகளாகிய ஈயாஸுக்கும் பிறந்த மக்கள் என்கிறார் அவர். இவர்கள் மனிதருக்கு நன்மை செய்பவர்கள். இவர்களையல்லாமல் வேறொரு கூட்டமும் உண்டு. ஸீயஸ் என்னும் தேவராஜனோடு போரிட்டுத் தோற்றுப் பாதாளத்தில் தள்ளப்பட்ட டைபோயஸ் என்னும் அரக்கனிடமிருந்து எழுபவை அவை. பெயரில்லாத, திசையில்லாத சூறைகள். கடலில் கலங்களைச் சிதறடித்து மாலுமிகளைக் கொல்வதும், நிலத்தில் மக்கள் பாடுபட்டு விளைத்ததைப் புழுதியால் மூடி அழிப்பதும் அவற்றின் தொழில். குறித்த பருவத்தில் குறித்த திசையிலிருந்து வரும் காற்றுக்கே கிரேக்கன் பெயரிட்டுப் பலியும் கொடுத்தான். எங்கிருந்து எப்போது வரும் என்று அறியமுடியாததை அரக்கன் வழியினது என்று ஒதுக்கிவிட்டான். அச்சத்தில் பிறந்த கற்பனை என்று இதைச் சொல்பவர் உண்டு. கடல் தொழிலில் பல தலைமுறை பெற்ற அனுபவமும் இதனுள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஹெஸியட் தாம் கடலோடி அல்லர். அவர் தந்தை சிறிய ஆசியாவின் கரையிலுள்ள கைமி என்னும் ஊரில் கலம் ஓட்டிப் பிழைத்து, வறுமை தாங்காமல் போயீஷியாவில் உள்ள அஸ்க்ரா என்னும் சிற்றூரில் வந்து குடியேறியவர். மகன் வாழ்நாளில் ஒருமுறைதான் கப்பலேறினார். அதுவும் ஆலிஸ் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள யூபியாத் தீவுக்கு, ஒரு பாட்டுப் போட்டிக்காக. இதை அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் உழவரான அவர் தம் தம்பிக்குக் கூறும் அறிவுரையில் கடற்பயணத்துக்குரிய காலத்தைத் திட்டமாக வரையறுத்திருக்கிறார். கோடையில் சூரியன் திரும்பியதிலிருந்து ஐம்பது நாட்கள் பயணத்துக்கு ஏற்றவை; அதன்பின் புதுத் திராட்சை மது வரும்வரை காத்திராமல் விரைந்து வீடு திரும்பிவிட வேண்டும். குளிர்காலத்தில் போரியாஸ் வீசும் கொடுமையைச் சொல்லும்போது அவர் எழுத்தில் நகைச்சுவையும் கலந்துவிடுகிறது. காட்டு விலங்குகளின் மயிரடர்ந்த தோலையும் ஊடுருவும் அக்காற்று, கிழவனைக் கூனிக் குறுகி ஓடச் செய்யுமாம். வீட்டினுள் தாயின் அருகிலிருக்கும் இளம்பெண்ணை மட்டும் ஒன்றும் செய்ய இயலாதாம்.

காற்று வழிபாடு ஹெஸியடுக்கும் ஹோமருக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. கிரீட் தீவில் நாஸஸ் என்னும் இடத்தில் ஆர்தர் எவன்ஸ் 1900இல் தொடங்கிய அகழ்வில் சுட்ட களிமண் ஏடுகள் பல கிடைத்தன. அவற்றின் எழுத்தை அரை நூற்றாண்டுக் காலம் யாராலும் படிக்க இயலவில்லை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் இளம் கட்டடக் கலைஞர் அதைப் படித்துக் காட்டினார். எழுதியிருந்த மொழி கிரேக்கமே என்று தெரிந்தது. கோயில்களுக்கு அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு ஏடுகள் சிலவற்றில் "காற்றுகளின் பூசாரிணி" என்று ஒரு பதவிப் பெயர் வருகிறது. கடவுளரின் கதைகளை ஏட்டில் எழுதுமுன்னரே காற்றுக்கு எண்ணெய் அளந்திருக்கிறார்கள். அதைக் கணக்கப்பிள்ளை ஒருவர் மறவாமல் குறித்தும் வைத்திருக்கிறார்.

ஹோமரின் காவியங்களில் காற்றுத் தெய்வங்கள் மனிதரைப்போலவே நடந்துகொள்கின்றன. இலியத்தில், இறந்துபோன நண்பன் பட்ரோக்ளஸின் ஈமத்தீ பற்றிக்கொள்ளாமல் நிற்கிறது. அகில்லிஸ் போரியாஸையும் ஸெபிரஸையும் நோக்கி வேண்டிக்கொள்கிறான். தேவர்களின் தூதியாகிய ஐரிஸ் அச்செய்தியை எடுத்துச் செல்கிறாள். காற்றுகள் எல்லாம் ஸெபிரஸின் வீட்டில் விருந்துண்டு கொண்டிருக்கின்றன. வாசலில் அவளைக் கண்டதும் எல்லாரும் எழுந்து, தத்தம் பக்கத்தில் வந்து அமருமாறு அழைக்கிறார்கள். தனக்கு வேறு அலுவல் இருப்பதாகச் சொல்லி, செய்தியை மட்டும் கூறிவிட்டு அவள் நழுவிவிடுகிறாள். அதன்பின் இரு காற்றுகளும் இரைச்சலோடு கடலைக் கடந்து வந்து இரவு முழுவதும் சிதையை ஊதி எரிக்கின்றன. அகில்லிஸ் இரவெல்லாம் பொற்கிண்ணத்தால் மதுவை வார்த்துக்கொண்டிருக்கிறான். விடியற்காலையில் தீ தணிகிறது. காற்றுகள் வீடு திரும்புகின்றன. விருந்து வீட்டின் கலகலப்பையும் சிதையின் துயரத்தையும் அடுத்தடுத்து வைத்த இப்பகுதி ஹோமரின் சிறந்த இடங்களுள் ஒன்று என்பேன்.

ஒடிஸியில் வரும் ஏயோலஸின் கதை இதனினும் புகழ் பெற்றது. ஏயோலஸ் தெய்வம் அல்லன். தேவர்களுக்கு இனியவனான ஒரு மன்னன். மிதக்கும் தீவொன்றில், வெண்கல மதிலுக்குள், ஆறு ஆண் மக்களோடும் ஆறு பெண் மக்களோடும் வாழ்கிறான். காற்றுகளை எழுப்பவும் அடக்கவும் ஸீயஸ் அவனுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறான். காற்றுகளின் பண்டகசாலைக்கு அவன் கண்காணிப்பாளன் என்று சொல்லலாம். டிராய்ப் போர் முடிந்து வீடு திரும்பும் ஒடிஸியஸ் ஒரு மாதம் அவனிடம் விருந்தினனாகத் தங்குகிறான். விடைபெறும்போது, சீறும் காற்றுகளையெல்லாம் ஒரு மாட்டுத்தோல் பையில் அடைத்து, வெள்ளிக் கயிற்றால் வாய் கட்டி, ஏயோலஸ் கொடுத்தனுப்புகிறான். வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் மேல்காற்று ஒன்றை மட்டும் வெளியே விட்டுவைக்கிறான். ஒன்பது நாள் இரவும் பகலும் ஒடிஸியஸ் யாரிடமும் பொறுப்பைக் கொடுக்காமல் தானே கலத்தைச் செலுத்துகிறான். பத்தாம் நாள் தாய்நாடாகிய இதாக்கா கண்ணுக்குத் தெரிகிறது. கரையில் மூட்டிய தீயைக் காணும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். அப்போது அயர்ச்சியால் அவன் கண்ணயர்கிறான்.

கலத்திலிருந்தோர் மனத்தில் பொறாமை புகுகிறது. பத்தாண்டுகள் நாமும் உடன் உழைத்தோம். இவன் பொன்னும் வெள்ளியுமாய்க் கொண்டுபோகிறான், நாமோ வெறுங்கையோடு போகிறோம் என்று பேசிக்கொள்கிறார்கள். பையை அவிழ்க்கிறார்கள். அடைபட்ட காற்றுகள் பாய்ந்து வெளிப்பட்டு, கண்முன் நின்ற ஊரிலிருந்து அவர்களை மீண்டும் ஏயோலஸின் தீவுக்கே அடித்துச் செல்கின்றன. ஒடிஸியஸ் வாயிற்படியில் உட்கார்ந்து மறுபடியும் உதவி கேட்கிறான். தேவர்களால் வெறுக்கப்பட்டவனுக்கு உதவுவது தனக்கு அடுக்காது என்று ஏயோலஸ் விரட்டிவிடுகிறான். ஊரைவிட்டு வெகுநாள் பிரிந்திருந்தவர்கள் இக்கதையைப் படிக்கும்போது, சூறையைவிட அந்தக் கரையோரத் தீயே நெஞ்சில் தங்கும். பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் வர்ஜில், ஏயோலஸை மலைக்குகையில் காற்றுகளைச் சிறைவைத்தாளும் அரசனாக மாற்றிவிட்டார். ஹோமரின் தோற்பையில் உள்ள எளிமை அந்தக் குகையில் இல்லை.

காற்று வேண்டுமென்று மனித உயிரைக் கொடுத்த கதையும் கிரேக்கரிடம் உண்டு. டிராய்க்குப் புறப்பட்ட கப்பற்படை ஆலிஸ் துறையில் நகரமுடியாமல் நின்றபோது, ஆர்ட்டிமிஸ் தேவியின் சினத்தைத் தணிக்கத் தலைவன் அகமெம்னான் தன் மகள் இஃபிஜினியாவைப் பலியிட்டான் என்பது அது. ஈஸ்கிலஸின் நாடகத்தில் அங்கே தடுத்து நிற்பது திரேஸ் நாட்டு ஸ்டிரைமோன் ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று. படையோருக்கு உணவு குறைந்தது. கலங்களும் கயிறுகளும் பழுதுற்றன. அந்த நெருக்கடியில் தந்தை மகளைக் கொல்லத் துணிகிறான். வீடு திரும்பும் வழியில் அவன் தம்பி மெனலாஸும் எகிப்தில் எதிர்காற்றால் தடைப்பட்டு, அந்நாட்டுக் குழந்தைகள் இருவரைப் பலியிட்டான் என்று எகிப்தியப் பூசாரிகள் கூறியதாக ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். இவை நடந்தவை என்று நாம் கொள்ளவேண்டுவதில்லை. நடந்திருக்கக்கூடும் என்று கேட்டவர்கள் நம்பினார்கள் என்பதே காற்றுக்கு அவர்கள் எவ்வளவு கட்டுப்பட்டிருந்தார்கள் என்பதைக் காட்டும்.

இனி மருமகனுடைய கதைக்கு வருவோம். ஏதென்ஸின் பழம்பெரும் மன்னன் எரெக்தியஸுக்கு ஒரைத்தியா என்றொரு மகள். இலிஸஸ் ஆற்றங்கரையில் அவள் விளையாடிக்கொண்டிருக்கையில் போரியாஸ் அவளைத் தூக்கிச்சென்று திரேஸில் மனைவியாக்கிக்கொண்டான். முதலில் முறைப்படி பெண் கேட்டுப் பார்த்தான் என்றும், இனிய சொல் தனக்கு ஒத்துவராது என்று உணர்ந்தபின் தன் இயல்பான வலிமையைக் காட்டினான் என்றும் ரோமானியக் கவிஞர் ஓவிட் பின்னாளில் கூறுகிறார். இவர்களுக்குப் பிறந்த ஸீட்டிஸ், காலாயிஸ் என்னும் சிறகுடைய மைந்தர் இருவரும் பொன்மயிர் ஆட்டுத்தோலைத் தேடிச் சென்ற ஆர்கோ கப்பலில் பயணம் செய்த வீரர்கள்.

கி.மு. 480ஆம் ஆண்டில் இப்பழங்கதை அரசியலுக்குள் வந்தது. பாரசீகப் பேரரசன் ஸெர்க்ஸிஸ் பெரும்படையோடு கிரேக்க நாட்டின்மீது எழுந்தான். அவன் போர்க்கப்பல்கள் 1,207 என்று கணக்குச் சொல்கிறார் ஹெரடோட்டஸ். இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் இத்தொகை மிகை என்பர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 492இல், மர்டோனியஸ் தலைமையில் வந்த பாரசீகக் கப்பல்கள் ஆதாஸ் முனையில் வாடைக் காற்றில் சிக்கி முந்நூறு கலங்கள் அழிந்திருந்தன. இதனாலேயே ஸெர்க்ஸிஸ் அம்முனையைச் சுற்றாமல் நிலத்தை வெட்டிக் கால்வாய் அமைத்தான். மனிதன் வெட்டக்கூடிய இடத்தில் வெட்டிவிட்டான். மற்றக் கரை அப்படியே இருந்தது.

டெல்பியில் குறிகேட்ட மக்களுக்கு, காற்றுகளை வேண்டிக்கொள்ளுங்கள், அவை கிரேக்க நாட்டுக்குப் பெருந்துணையாகும் என்று வாக்குக் கிடைத்தது. டெல்பியர் உடனே காற்றுகளுக்குப் பலிபீடம் எழுப்பினர். ஏதென்ஸ் மக்களுக்கோ மருமகனை உதவிக்கு அழையுங்கள் என்று வேறொரு குறிவாக்குக் கிடைத்ததாகச் சொல்வார்கள். ஏதென்ஸுக்கு மருமகன் யார் என்று ஆராய்ந்து, எரெக்தியஸின் மகளை மணந்த போரியாஸே என்று தெளிந்தார்கள். யூபியாத் தீவின் கால்ஸிஸ் பக்கம் நின்ற அவர்களுடைய கப்பற்படையினர், போரியாஸுக்கும் ஒரைத்தியாவுக்கும் பலியிட்டு வேண்டிக்கொண்டனர்.

பாரசீகக் கப்பல்கள் மக்னீஷியாக் கரையில், ஸீப்பியாஸ் முனைக்கருகே இரவு தங்கின. கரை குறுகியதாகையால் முதலில் வந்தவை கரையோரம் கட்டப்பட, ஏனையவை கடல்நோக்கி எட்டு வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. இரவு அமைதியாகக் கழிந்தது. விடியலில் தெளிந்த வானத்தின்கீழ்க் கடல் கொதித்தெழுந்தது. அப்பகுதி மக்கள் ஹெலஸ்பாண்ட் காற்று என்று கூறும் பெருங்காற்று வீசிற்று. முன்கூட்டியே உணர்ந்தவர்கள் கலங்களைக் கரைக்கு இழுத்துத் தப்பினார்கள். மற்றவை பாறைகளில் மோதிச் சிதறின. குறைத்துச் சொல்பவர்களும் நானூறு கலங்கள் அழிந்தன என்பார்கள். இறந்த மக்களுக்குக் கணக்கில்லை. மூன்று நாள் புயல் நீடித்தது. பாரசீகரின் மாகியர் என்னும் குருமார் காற்றுக்கு மந்திரம் ஓதினார்கள், பலியும் இட்டார்கள். நான்காம் நாள் காற்று நின்றது.

இவ்விடத்தில் ஹெரடோட்டஸ் எழுதுவதைக் கவனிக்க வேண்டும். குருமார் காற்றை நிறுத்தினார்கள் என்று சொல்லிய கையோடு, அல்லது அது தானாகவே நின்றிருக்கலாம் என்றும் சேர்க்கிறார். போரியாஸ் பாரசீகர்மேல் பாய்ந்தது ஏதென்ஸாரின் வேண்டுதலால்தானா என்பதைத் தம்மால் சொல்ல இயலாது, ஏதென்ஸார் அவ்வாறு சொல்கிறார்கள் என்று மட்டும் குறிக்கிறார். தம் பக்கத்து வேண்டுதலையும் எதிரியின் மந்திரத்தையும் ஒரே தராசில் நிறுத்தியிருக்கிறார். வரலாற்றின் தந்தை என்று அவரை அழைப்பதற்கு வேறு காரணங்கள் பல உண்டு. எனக்கு இந்த இரண்டு வாக்கியங்களே போதும்.

புயலுக்குப்பின் அம்முனையருகே நிலம் வைத்திருந்த அமீனோக்ளிஸ் என்பவன், கரையில் ஒதுங்கிய பொற்கிண்ணங்களையும் வெள்ளிக் கிண்ணங்களையும் பொறுக்கிப் பெருஞ்செல்வன் ஆனான். ஆனால் பிள்ளையைக் கொன்ற துயரம் ஒன்று அவனையும் வருத்திற்று என்று சுருக்கமாகச் சொல்லி ஹெரடோட்டஸ் நகர்ந்துவிடுகிறார். ஏதென்ஸ் நகரமும் அவ்வாண்டே பாரசீகரால் எரியுண்டது. ஆனால் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர் வென்றனர். ஊர் திரும்பிய ஏதென்ஸார் இலிஸஸ் கரையில் போரியாஸுக்குக் கோயில் எடுத்தனர். அதன்பின் அந்நகரத்துக் குயவர்களின் சித்திரக் கலங்களில் சிறகுடைய போரியாஸ் ஒரைத்தியாவைத் துரத்தும் காட்சி பெருவழக்காயிற்று.

அந்நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்ததாகப் பிளேட்டோ அமைத்த ஓர் உரையாடலில், சாக்ரட்டீஸும் ஃபீட்ரஸ் என்னும் இளைஞரும் இலிஸஸ் கரையோரம் நடந்து செல்கிறார்கள். போரியாஸ் பெண்ணைக் கொண்டுசென்ற இடம் இதுதானோ, அக்கதையை நீங்கள் நம்புகிறீர்களா என்று இளைஞர் கேட்கிறார். பாறையிலிருந்து காற்று தள்ளி அவள் இறந்தாள், அதையே தூக்கிச் சென்றதாகக் கதை கட்டினார்கள் என்று அறிவாளிகளைப்போல விளக்கம் சொல்லலாம். ஆனால் அப்படி ஒவ்வொரு கதைக்கும் விளக்கம் தேடிக்கொண்டிருக்கத் தமக்கு ஓய்வில்லை, தம்மையே தாம் இன்னும் அறிந்துகொள்ளவில்லை என்கிறார் சாக்ரட்டீஸ். கோயில் எழுந்து இரண்டு மூன்று தலைமுறைக்குள் கேள்வியும் எழுந்துவிட்டது.

ஆயினும் வழிபாடு நிற்கவில்லை. இத்தாலியின் தென்கரையில் தூரியை என்னும் கிரேக்கக் குடியேற்ற நகரத்தின்மீது, சைரக்யூஸ் நகரத்துக் கொடுங்கோலன் டயோனிஸியஸ் முந்நூறு கப்பல்களோடு படையெடுத்தான். வாடைக் காற்று அவற்றை உடைத்தெறிந்தது. தூரியை மக்கள் பலியிட்டதோடு நிற்காமல், போரியாஸுக்குக் குடியுரிமை வழங்கித் தீர்மானம் செய்து, ஒரு வீடும் நிலமும் ஒதுக்கினார்கள் என்று ஏலியன் என்னும் ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஏதென்ஸ் உறவுமுறை கொண்டாடிற்று. தூரியை குடியுரிமையே அளித்துவிட்டது. தாய்நாட்டைவிட்டுப் புதிய மண்ணில் ஊர் அமைத்தவர்களுக்குக் குடியுரிமை எத்துணை அரிய பொருள் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. மெகலபோலிஸ் நகரத்தாரும், ஸ்பார்ட்டர் தங்கள் மதிலுக்கு எதிராக நிறுத்திய போர்ப்பொறியை வாடை உடைத்ததற்காகப் போரியாஸுக்கு ஆண்டுதோறும் பலியிட்டு வந்தனர்.

மாலுமியும் படைவீரனும் மட்டும் காற்றுக்கு அஞ்சவில்லை, உழவனும் அஞ்சினான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றிக் குறிப்பெடுத்த பாஸேனியஸ் நேரில் கேட்டறிந்த செய்திகள் சில உண்டு. டைட்டனி என்னும் ஊரில் ஆண்டுக்கு ஓர் இரவு பூசாரி காற்றுகளின் பீடத்தில் பலியிட்டு, நான்கு குழிகளில் மறைவான சடங்குகள் செய்து, மெடீயாவின் மந்திரங்களை ஓதுவாராம். மெத்தானா என்னுமிடத்தில், திராட்சை தளிர்க்கும் பருவத்தில் லிப்ஸ் என்னும் தென்மேல் காற்று வந்தால் தளிர் கருகிவிடும். அதைத் தடுக்க வெள்ளைச் சிறகுடைய சேவலொன்றை இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியாக எடுத்துக்கொண்டு இருவர் தோட்டத்தை எதிரெதிராகச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்திலேயே சந்தித்து அதைப் புதைப்பார்கள். சிசிலியில் ஆக்ரகாஸ் நகரத்து அறிஞர் எம்பிடோக்ளிஸ், பயிரை வாட்டிய காற்றைக் கழுதைத் தோல்களைக் குன்றுகளில் விரித்துக் கட்டித் தடுத்ததால் "காற்றைத் தடுத்தவர்" என்று பெயர் பெற்றாராம். ஏயோலஸின் தோற்பை இங்கே ஓர் அறிஞரின் கருவியாக மறுபிறவி எடுத்ததோ என்று ஐயுறத் தோன்றுகிறது. கி.மு. 401ஐ ஒட்டிய குளிர்காலத்தில் ஆர்மீனியப் பனியில் சிக்கிய கிரேக்கப் படை, குறிசொல்பவர் ஒருவரின் சொற்படி காற்றுக்குப் பலியிட்டது. காற்றின் கடுமை குறைந்ததை அனைவரும் உணர்ந்தார்கள் என்று உடன் சென்ற ஸெனபன் எழுதுகிறார். அவர் எழுத்தில் ஹெரடோட்டஸின் ஐயம் இல்லை. பனியில் நடந்தவர் அவர்.

கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வாரக்கணக்கில் வீசும் காற்றுக்கு எட்டீஸியன் காற்று என்று பெயர். ஆண்டுதோறும் தவறாமல் வருவது என்பது அச்சொல்லின் பொருள். நம் பருவக்காற்று என்னும் சொல்லோடு ஒப்பிடலாம். இன்று கிரேக்கர் அதை மெல்டெமி என்கிறார்கள். கியாஸ் தீவில் கொள்ளைநோயும் வெப்பமும் தாக்கியபோது அரிஸ்டியஸ் என்பவன் ஸீயஸுக்குப் பலியிட்டதனால் நாற்பது நாள் வீசுமாறு இக்காற்று அருளப்பட்டது என்பது கதை. டெமாஸ்தனிஸ் கி.மு. 351இல் ஏதென்ஸ் மக்கள் மன்றத்தில் பேசியபோது, இக்காற்று வீசும் காலத்தையும் குளிர்காலத்தையும் பார்த்தே மாசிடோனியா மன்னன் பிலிப் காரியத்தில் இறங்குகிறான். அப்போது நம் கப்பல்கள் வடக்கே போக இயலாது என்று எச்சரித்தார். ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குமுன் துணை நின்ற வடகாற்று இப்போது எதிரியின் பக்கம் இருந்தது. ஆனால் அவர் மருமகனைப் பற்றிப் பேசவில்லை. வடக்கிலேயே நிலைப்படை வைக்கவேண்டும் என்றுதான் பேசினார். அதே நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், நிலத்திலிருந்து எழும் உலர்ந்த ஆவியே காற்று என்று விளக்கம் தந்தார். அவ்விளக்கம் தவறு. அவருக்கு முன்பே அனாக்ஸிமாண்டர் காற்று என்பது வளியின் ஓட்டம் என்று சொல்லியிருந்தார். அதுவே உண்மைக்கு அருகிலிருந்தது.

தெய்வமும் விஞ்ஞானமும் ஒரே கட்டடத்தில் கூடிநிற்பதை இன்றும் ஏதென்ஸில் காணலாம். ஆண்ட்ரோனிக்கஸ் என்பவர் அமைத்த எண்கோண மாளிகை அது. காற்றுக் கோபுரம் என்பர். கி.மு. 37இல் வாரோ என்னும் ரோமானியர் எழுதிய நூலில் அதைப் பற்றிய குறிப்பு இருப்பதால் அதற்கு முன்பே எழுந்தது என்பது உறுதி. வெண்பளிங்கால் ஆன அதன் உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். உச்சியில் வெண்கலத்தாலான கடல்தெய்வம் ஒன்று சுழன்று, வீசும் காற்றின் திசையைக் கையிலுள்ள கோலால் காட்டியது. சுவர்களில் சூரியக் கடிகாரங்கள், உள்ளே நீர்க் கடிகாரம். எட்டுப் பக்கத்தும் மேலே எட்டுக் காற்றுகள் சிறகு விரித்துப் பறக்கின்றன. போரியாஸ் கனத்த போர்வை போர்த்திச் சங்கு ஊதுகிறான். வடகீழ்க் காற்றாகிய கைக்கியாஸ் கேடயத்திலிருந்து ஆலங்கட்டியைக் கொட்டுகிறான். கீழ்க்காற்று அப்பீலியோட்டிஸ் மடி நிறையக் கனியும் கதிரும் ஏந்தியிருக்கிறான். யூரஸ் போர்வைக்குள் கையை மறைத்த தாடிக் கிழவன்; இங்கே அவனுக்குத் தென்கீழ்த் திசை. நோட்டஸ் குடத்தைக் கவிழ்த்து நீரூற்றுகிறான். லிப்ஸ் கப்பலின் பின்னணியத்து அணியைப் பிடித்திருக்கிறான். ஸெபிரஸ் வெறுங்காலோடு பூச்சொரியும் இளைஞன். வடமேற்குக் காற்றாகிய ஸ்கைரன் கங்குப் பானையைச் சாய்க்கிறான். ஒவ்வொன்றின் கீழேயும் பொருத்தமான பருவமும் பயனும் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். அக்கோபுரம் பின்னர்க் கிறிஸ்தவரின் கோயிலாயிற்று. துருக்கியர் ஆட்சியில் தர்வேஷ்கள் சுழன்றாடும் மடமாயிற்று. வழிபாட்டிடமாகவே இருந்ததால் இடியாமல் தப்பிற்று. பழுதுபார்க்கப்பெற்று 2016இல் மக்கள் உள்ளே சென்று பார்க்கத் திறக்கப்பட்டது.

கிரேக்க மாலுமிகள் செங்கடலைத் தாண்டி இந்தியக் கடலுக்கு வந்தபோது, அவர்கள் அறிந்த எந்தத் தெய்வத்துக்கும் கட்டுப்படாத ஒரு காற்றைக் கண்டார்கள். அரை ஆண்டு ஒரு திசையிலும் அரை ஆண்டு எதிர்த்திசையிலும் வீசும் காற்று அது. நம் நாட்டவர் அதை முன்பே அறிந்திருந்தனர்; கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் யூடாக்ஸஸ் என்பவரின் கப்பலுக்கு இந்தியர் ஒருவரே வழிகாட்டினார் என்று ஸ்ட்ராபோ குறிக்கிறார். கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார் அவன் முன்னோன் ஒருவன் காற்றையே ஏவல் கொண்டு கலம் செலுத்தியவன் எனப் புறநானூற்றில் போற்றுவதும் இங்கே நினைவுக்கு வரும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளஸ் என்னும் கடல்வழி நூல், ஹிப்பாலஸ் என்னும் மீகாமன் நடுக்கடல் வழியைக் கண்டறிந்ததாகவும், அதனால் இந்தியக் கடலின் தென்மேல் காற்றுக்கு அவன் பெயர் வழங்குவதாகவும் கூறுகிறது. அக்காற்றில் பாய் விரித்தால் அரேபியாவின் ஒகேலிஸ் துறையிலிருந்து நாற்பது நாளில் முசிறி சேரலாம் என்று பிளினி எழுதினார். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்கள் வந்தது இவ்வழியேதான்.

இதே பெரிப்ளஸ் வேறொரு செய்தியையும் போகிறபோக்கில் சொல்கிறது. எங்கள் நாட்டில் எட்டீஸியன் காற்று வீசும் அதே காலத்தில்தான் இந்தியக் கடலில் இக்காற்று வீசுகிறது என்பது அது. இக்கால வானிலை ஆராய்ச்சியாளர் அதற்குக் காரணம் கண்டிருக்கிறார்கள். கோடையில் தென்னாசியாவின் நிலம் காய்ந்து உண்டாகும் தாழ்ந்த காற்றழுத்தம் மேற்கே பாரசீக வளைகுடாவையும் கடந்து துருக்கி நாட்டளவும் நீள்கிறது. அதன் ஒரு முனை ஏஜியன் கடலுக்கு வடகாற்றை இழுக்கிறது. மறுமுனை நம் மேற்குக் கரைக்குத் தென்மேல் பருவக்காற்றை இழுக்கிறது.